பகடையும் லேப்டாப்பும்

அன்புள்ள அக்கா,

கோரமங்களாவில் நண்பன் வீட்டில் ஞாயிறுதோறும் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) ஆடுகிறோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவன். எல்லோரும் தமிழர்கள், ஆட்டமும் தமிழில்தான். இப்போது ஒருவன் ஒயிட்ஃபீல்டுக்குக் குடிபோய்விட்டான், மாரத்தஹள்ளி நெரிசலைத் தாண்டி வர முடியாது என்கிறான். சண்டை தொடங்கினால் யார் முறை, எந்தக் கோப்ளின் பூதத்துக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று கணக்குப் பார்ப்பதிலேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. சாஃப்ட்வேர் வைத்துக்கொள்ளலாமா? லேப்டாப்பைத் திறந்தால் இது வீடியோ கேம் ஆகிவிடும் என்று இன்னொரு நண்பன் எகிறுகிறான்.

வ., பெங்களூர்

அன்புள்ள வ.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. அவர் பழியை லேப்டாப் மேல் போடுகிறார், நான் அதில் காட்டும் மேப் மேல், அதாவது ஆட்டம் நடக்கும் இடத்தின் படத்தின் மேல், போடுவேன்.

மேப் இல்லாமல் ஆடும்போது நீங்கள் "பாழடைந்த மண்டபம், ஒரே இருட்டு" என்றதும் கேள்வி வரும். தூண் இருக்கா? பின்னால ஒளியலாமா? அதுவரை நீங்கள் தூணைப் பற்றி நினைத்தே இருக்க மாட்டீர்கள். "இருக்கு, ஆனா விரிசல் விட்டிருக்கு" என்று வாயில் வந்ததைச் சொல்வீர்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது அந்தத் தூணை ஓக்ர் என்ற ராட்சசனின் தலையில் சாய்த்திருப்பார்கள். அதே மண்டபத்தைக் கட்டம் போட்டுத் திரையில் காட்டிப் பாருங்கள். ஒரு கட்டம் 5 அடி, 30 அடி நடக்கலாம், ஆக ஆறு கட்டம் என்று எண்ணி தங்கள் பாத்திரத்தைக் குறிக்கும் டோக்கனை நகர்த்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். படத்தில் இல்லாத தூணை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே கணக்கை மட்டும் சாஃப்ட்வேரிடம் கொடுங்கள். இனிஷியேட்டிவ் வரிசை (யார் முறை), ஹிட் பாயின்ட் (மிச்ச உயிர்), யார் மேல் எந்த மந்திரம் இன்னும் எத்தனை சுற்று நிற்கும் என்பதையெல்லாம் தலையில் சுமப்பதில் ஒரு பெருமையும் இல்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது பென்சிலையும் காகிதத்தையும் விட்டால் வேறு வழியில்லை. அதைச் சம்பிரதாயமாக்க வேண்டாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டே போதும். திரை உங்கள் பக்கம் மட்டும் இருக்கட்டும். விதிகளுக்கும் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், பிரவுசரிலேயே தேடிக்கொள்ளலாம்.

பகடையைக் கையில் உருட்டுங்கள். இருபது முகப் பகடையில் எந்த எண்ணும் விழ வாய்ப்பு 5 சதவீதம்தான், சாஃப்ட்வேரிலும் அதேதான். ஆனால் திரையில் தொடர்ந்து 1 விழுந்தால் "இது ஏமாத்துது" என்பார்கள். கையில் விழுந்தால் பகடையைத் திட்டி ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார்கள். அந்தக் கூத்தைக் கெடுக்காதீர்கள்.

ஒயிட்ஃபீல்டு நண்பருக்கு மேப்பைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் அவுல்பேர் ரோடியோ என்ற இணையதளம் சுலபம், இணைப்பை அனுப்பினால் போதும். ரோல்20 தளத்தையும் இலவசமாகத் தொடங்கலாம். ஃபவுண்ட்ரி என்ற சாஃப்ட்வேரை டிஎம் ஒருவர் ஒருமுறை வாங்கினால் போதும், மற்றவர்கள் பிரவுசரில் வந்து சேரலாம். ஆனால் அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடுவது. நம் ஊர் பிராட்பேண்டில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி (இணைய முகவரி) கொடுப்பது சகஜம், அப்படியிருந்தால் வெளியிலிருந்து ஒயிட்ஃபீல்டு நண்பரால் உள்ளே வர முடியாது. சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது டனல் (வெளியிலிருந்து உள்ளே வர ஒரு இணைய வழி) போட வேண்டும். உங்கள் குழுவில் என்ஜினியர்கள் இருப்பார்கள் (பெங்களூரில் இல்லாமலா!), அவர்கள் சர்வரை அமைக்க உட்கார்ந்தால் அந்த ஞாயிறு ஆட்டம் கிடையாது.

அந்த நண்பருக்கு மேப்பைவிட முக்கியம் சத்தம். ஃபேன் ஓசையோடு நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினால், ஒரு மைக் வழியாக அவருக்கு ஒன்றும் விளங்காது. போனை அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், மேசை மேல் நிறுத்தி வையுங்கள். கதவைத் திறந்ததும் என்ன செய்வது என்ற கேள்வியை முதலில் அவரிடம் கேளுங்கள். அறையில் இருப்பவர்கள் எப்படியும் குறுக்கே பேசிக்கொள்வார்கள்.