முதல் அரூபப் படம்: நெல்லைப் பிள்ளைகளின் கேள்விகளும் பதில்களும்

நெல்லைச் சீமையில் ஓவியம் படிக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இப்போது அரூபக் கோட்டோவியம் நடக்கிறது, அதாவது பொருளின் உருவத்தை அப்படியே காட்டாத கோட்டுப்படம். கொடுத்திருக்கும் வேலை இதுதான்: ஊரில் உள்ள ஏதாவது ஒன்றை நேரில் பார்த்து வரைய வேண்டும். அந்தப் படங்களிலிருந்து, வண்ணம் இல்லாமல், ஏ2 தாளில் ஒரு அரூபப் படம் செய்ய வேண்டும். கூடவே ஒரு பக்கக் குறிப்பும் எழுதித் தர வேண்டும். பாதி வேலையில் நிற்கிறவர்களும் முடித்துவிட்டவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. கோட்டோவியம் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை மாணவர்: அக்கா, நான் பனைமரத்தை எடுத்துக்கொண்டேன். எப்படி மாற்றி வரைந்தாலும் பனைமரமாகவே தெரிகிறது. எந்த இடத்தில் அது அரூபமாகும்?

தம்பி, நம் ஊர்க்காரர்கள் கண்ணிலிருந்து பனையை மறைப்பது கஷ்டம். நெட்டுக்கு ஒரு கோடும் உச்சியில் ஒரு கொண்டையும் போட்டாலே போதும், பனை என்று சொல்லிவிடுவார்கள். வெளிக்கோட்டை வைத்துத்தான் பெயர் சொல்கிறார்கள். அதனால் முதலில் விட வேண்டியது வெளிக்கோடு.

மரத்தை விட்டு எட்ட நிற்காமல் கிட்டே போங்கள். ஒரு அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டி, அதன் வழியாகப் பாருங்கள். விழுந்து கிடக்கும் மட்டை ஒன்றைக் கையில் எடுங்கள். இரண்டு ஓரமும் கருக்கு. தூரத்தில் ரம்பம் வைத்து வெட்டியது போலத் தெரியும். பக்கத்தில் பார்த்தால் ஒரு பல் மாதிரி இன்னொரு பல் இருக்காது. சில இடத்தில் நெருக்கம், சில இடத்தில் விலகல், சிலது கொக்கி போல வளைந்திருக்கும். அப்புறம் ஓலை. மட்டை முடியும் இடத்தில் மடிப்புகள் எல்லாம் நெரிசலாகச் சேர்ந்து, நுனிக்குப் போகப் போக விலகும். தண்டில் பார்த்தால் பழைய மட்டைகள் இருந்த தழும்பு. இந்த மூன்றில் ஒன்றை எடுங்கள். மூன்றையும் எடுத்தால் மறுபடியும் பனைமரம் வந்துவிடும்.

டச்சு ஓவியர் பியட் மோந்திரியான் 1908 முதல் 1912 வரை மரங்களை விடாமல் வரைந்தார். முதலில் வரைந்த சிவப்பு மரம் அப்பட்டமாக மரம்தான். 1911இல் வரைந்த சாம்பல் மரத்தில் கிளைக்கும் கிளைக்கு நடுவிலுள்ள வெற்றிடத்துக்கும் ஒரே கனம். 1912இல் பூத்த ஆப்பிள் மரம் வரும்போது வளைவுகள்தான் மிச்சம். மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், மரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகியிருக்கிறது. நீங்களும் ஒரு படத்துக்கு ஒன்றை மட்டும் விடுங்கள். எதை விட்டீர்கள் என்று தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். முதல் படத்திலேயே எல்லாவற்றையும் விட்டால் வெறும் கோடுதான் மிஞ்சும். எந்த மரத்திலிருந்து வந்தது என்பதற்கான தடமே அதில் இருக்காது.

எப்போது அரூபமாகும் என்று கேட்டீர்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். கோடுகளின் நெருக்கமும் விலகலும் அப்போதும் கண்ணை இழுத்தால், வந்துவிட்டீர்கள்.

அம்பாசமுத்திரம் மாணவர்: மனசுக்கு வந்தபடி வரைவதுதான் அரூபம் என்று நினைத்தேன். ஆசிரியர் ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் கேட்கிறார். சுதந்திரம் எங்கே போயிற்று?

காரணம் கேட்பது சரிதான் தம்பி. ரஷ்ய ஓவியர் கந்தின்ஸ்கியின் ஏழாவது ‘கம்போசிஷன்’ பெரிய எண்ணெய் ஓவியம். 1913 நவம்பரில் நான்கே நாளில் வரைந்து முடித்தார். பார்க்கிறவர்களுக்குப் புயலடித்த மாதிரி இருக்கும், ஒரே மூச்சில் கொட்டியது என்று தோன்றும். ஆனால் அதற்கு முன்னால் அவர் செய்து வைத்த முன்வரைவுகள் முப்பதுக்கும் மேல். அந்த நான்கு நாள் சுதந்திரம் அவற்றிலிருந்துதான் வந்தது. மனசுக்கு வந்தபடி என்று நாம் நினைப்பது பெரும்பாலும் கைக்குப் பழகியபடிதான். எல்லோர் கையும் சுருள் போடும், கண் வரையும், அலை வரையும். உங்கள் தாளில் அவை இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள்.

பத்தமடை மாணவி: அக்கா, எங்கள் தெருவில் பாய் நெய்கிறார்கள். அதையே எடுத்து வரைந்தேன். “இது டிசைன், அரூப ஓவியம் இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்குக் கும்பிடு போடலாம். இதில் ஒன்று உயர்த்தி, இன்னொன்று தாழ்த்தி என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பத்தமடைப் பாயில் இருக்கும் கைச்சுத்தம் எத்தனையோ ஓவியர்களுக்கு வாய்க்காதது. வேலை வேறு, அவ்வளவுதான். டிசைன் திரும்பத் திரும்ப வரும், எந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டே போகலாம். உங்கள் ஏ2 தாளுக்கு நான்கு ஓரம் உண்டு. அந்த ஓரங்களுக்குள் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும், அதைத் தாளுக்கு வெளியே நீட்ட முடியக் கூடாது.

பாயின் பூவேலையையும் வண்ணக் கட்டத்தையும் நீங்கள் வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தறிக்குப் போங்கள். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், விறைப்பாக, சம இடைவெளியில் நிற்கிறது. குறுக்கே போகும் கோரையோ ஆற்றங்கரையில் வளர்ந்த புல். ஊறவைத்து, கீறி, எவ்வளவு மெல்லிசாக்கினாலும் அடியும் நுனியும் ஒரே கனமாக இருக்காது. காய்ந்த கோரையில் ஒன்று பொன் நிறம், ஒன்று கொஞ்சம் பச்சை தட்டும். அறுக்காத ஓரத்தில் கோரை நுனிகள் பாவைத் தாண்டி ஏற்ற இறக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். வளையாத நூலும் வளைகிற புல்லும் ஒன்றையொன்று இழுப்பதுதான் உங்கள் விஷயம். தாளில் பாவைக் கூரான எச் பென்சிலால் அடிமட்டம் வைத்துப் போடுங்கள். கோரையை மட்டம் வைக்காமல், 4பி பென்சிலால், ஒரே இழுப்பில் குறுக்கே விடுங்கள். எங்கே கை நடுங்குகிறதோ அங்கே அழிக்காதீர்கள். ஒரு இடத்தில் மட்டும் பாவை நெருக்கிப் பாருங்கள், தாள் முழுக்க அந்த இறுக்கம் பரவும்.

நஸ்ரீன் முகமதியின் படங்களை அவசியம் தேடிப் பாருங்கள். 1937இல் கராச்சியில் பிறந்தவர், 1972 முதல் பரோடாவில் சொல்லிக்கொடுத்தார், 1990இல் இறந்தார். பென்சில், மை, அடிமட்டம், காகிதம், இவ்வளவுதான் அவருக்கு. பாவு மாதிரியே அடுக்கிய மெல்லிய கோடுகள்தான், ஆனால் இடைவெளியைக் கொஞ்சம் மாற்றியே தாளைச் சாய வைத்துவிடுவார், மிதக்க வைத்துவிடுவார். இந்தப் பாடத்துக்கு ஒரே ஒருவரை மட்டும் பார்க்கச் சொன்னால் நான் இவரைத்தான் சொல்வேன்.

வள்ளியூர் மாணவர்: எந்தத் தாள், எந்தப் பென்சில்?

200 ஜிஎஸ்எம் காட்ரிட்ஜ் தாள் போதும். 2பி, 6பி, ஒரு கரித்துண்டு, ஒரு கறுப்பு மைக்குப்பி. விலை கூடின தாளை முதல் வேலைக்கு வாங்காதீர்கள், வீணாகிவிடுமே என்ற பயத்தில் கை இறுகிவிடும்.

திசையன்விளை மாணவி: எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டை எடுத்திருக்கிறேன். அதன் அழகே சிவப்புதான். வண்ணம் கூடாது என்றால் அதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மணலைச் சுற்றிப் படிந்த இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு. அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது காற்று செய்த வேலை. தேரியைப் போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பு மண்ணும் பச்சைப் புதரும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும். பகலில் வண்ணத்தை நம்பி நீங்கள் பார்க்காமல் விட்டது அப்போது தெரியும்: மேட்டின் விளிம்பு, மணல் வரிகளில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். காலையில் சாய்வெயில் இருக்கும்போதே போய்விடுங்கள், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

இதற்குக் கோடு போட்டு ஆரம்பிக்க வேண்டாம். கரித்துண்டைப் படுக்க வைத்துத் தாள் முழுவதும் தேய்த்துக் கறுப்பாக்குங்கள். பிறகு அழிப்பான் வைத்து வெளிச்சத்தை எடுங்கள். பிசைகிற ரப்பர் கிடைக்காவிட்டால் வெறும் ரொட்டியின் நடுப்பகுதியை உருட்டி ஒற்றலாம், அந்தக் காலத்து ஓவியர்கள் அப்படித்தான் அழித்தார்கள். வெண்ணெய், எண்ணெய் படாத ரொட்டியாக இருக்கட்டும். காற்று மணலை அள்ளிப்போனது போல நீங்களும் கரியை அள்ளுகிறீர்கள், தேரிக்குப் பொருத்தமான கைவேலை இதுதான் என்பது என் எண்ணம்.

களக்காடு மாணவர்: கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டை வரையலாமா? சத்தத்தை எப்படி வரைவது?

தாராளமாக. ஆனால் வில்லையும் குடத்தையும் வரைய வேண்டாம், அலை அலையாகக் கோடும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு கருவியை மட்டும் கேளுங்கள். வீசுகோல் நாணில் விழும்போது மணிகள் ஒன்றாகச் சிதறும். குடத்தின் வாயில் மட்டையால் அடித்தால் கனத்த, குட்டையான சத்தம், உடனே அடங்கிவிடும். உடுக்கை இறுக்கத்தையும் தளர்வையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி முடிவு செய்யுங்கள்: குடத்துக்குத் தூரிகையின் ஒரு அழுத்து, மணிக்கு நிப் முனையின் தெறிப்பு. குறியை முடிவு செய்த பிறகு மாற்றக் கூடாது. பாட்டு வேகம் பிடிக்கும்போது குறிகள் நெருங்கட்டும். புலவர் நிறுத்தி வசனம் பேசும் இடத்தில் தாள் காலியாக இருக்கட்டும். அந்தக் காலியிடத்தை நிரப்ப மனசு அலையும், நிரப்பாதீர்கள்.

திருநெல்வேலி டவுனிலிருந்து ஒரு தகப்பனார்: டீச்சர், பையன் கரியை அப்பி வைத்துக்கொண்டு இதுதான் பரீட்சை வேலை என்கிறான். திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள்ளே இருக்கிற ஓவியம் மாதிரி வரைந்தால் எனக்குப் புரியும். இதில் பிழைப்பு உண்டா?

அண்ணாச்சி, உங்கள் கவலை நியாயமானது. முதலில் திருப்புடைமருதூர். நாயக்கர் காலத்து அந்த ஓவியர்களும் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே வரையவில்லை. சுவரைப் பட்டை பட்டையாகப் பிரித்து, தூரம் கிட்டம் பார்க்காமல் ஆட்களை அடுக்கி, எது பெரிது எது சிறிது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்ற அந்த முடிவைத்தான் உங்கள் மகன் இப்போது பழகுகிறார். கதை இல்லாமல் பழகுகிறார், அதனால்தான் உங்களுக்கு அந்நியமாக இருக்கிறது.

பிழைப்பு பற்றி அலங்காரமாகச் சொல்ல மாட்டேன். அரூப ஓவியம் விற்று மட்டுமே வாழ்வது கடினம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் மாணவர்களும் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள், வயிற்றையும் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு ஜவுளி வடிவமைப்பு, அனிமேஷன், புத்தக வேலை, பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணி என்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இந்தக் கண்பழக்கம் வேண்டும். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது “இது என்ன?” என்று கேட்காமல், “எதைப் பார்த்து ஆரம்பித்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள்.

நாங்குநேரி மாணவர்: தமிழ் எழுத்துகளைப் படத்தில் வைக்கலாமா?

வைக்கலாம், வாசிக்க முடியாதபடி. பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் மலையாள எழுத்து மாதிரி இருக்கும், கணக்குக் குறி இருக்கும், ஜாதகக் கட்டம் இருக்கும். எதையும் வாசித்து அர்த்தம் எடுக்க முடியாது. ‘அம்மா’ என்று பெரிதாக எழுதிவிட்டால் பார்க்கிறவர் வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார், கோட்டைப் பார்க்க மாட்டார்.

சேரன்மகாதேவி மாணவி: ஆற்றங்கரைப் பாறைகளிலிருந்து செய்தேன். வகுப்பில் எல்லோருக்கும் அதில் மீன் தெரிகிறது!

இரண்டு வளைவு ஒரு முனையில் வெட்டிக்கொண்டு, உள்ளே ஒரு புள்ளியும் இருக்கும். புள்ளியை எடுத்துவிடுங்கள், ஒரு வளைவைத் தாளின் ஓரம் வரை நீட்டுங்கள். மீன் போய்விடும்.

கல்லிடைக்குறிச்சி மாணவி: படம் முடிந்தது. குறிப்பில் “இந்த ஓவியம் வாழ்வின் போராட்டத்தையும் நம்பிக்கையையும் வெளிப்படுத்துகிறது” என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். வேறு என்ன எழுதுவது?

அந்த வரியை எந்தப் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும், அதனால்தான் அடித்தார். உங்கள் படத்துக்கு மட்டும் பொருந்துவதை எழுதுங்கள். என்ன பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள், எதை விட்டீர்கள், எதை விட மனசு வரவில்லை. நீங்கள் வாய்க்கால் மதகை வரைந்ததாகச் சொன்னீர்கள். அப்படியானால் இப்படித் தொடங்கலாம்: “மதகுப் பலகை நேராக நிற்கிறது, அதன் இடுக்கில் தண்ணீர் பிதுங்கி வருகிறது. பலகையை மூன்றாவது படத்தில் விட்டேன். பிதுங்கலை மட்டும் வைத்துக்கொண்டேன். இடது கீழ் மூலை இன்னும் கனமாக இருக்கிறது, அதைக் குறைக்கத் தெரியவில்லை.” கடைசி வாக்கியத்தை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உங்கள் கண் எங்கே வளர்ந்திருக்கிறது என்பது ஆசிரியருக்கு அதில்தான் தெரியும். உணர்ச்சியையும் எழுதலாம், ஆனால் அது எந்தக் கோட்டில் இருக்கிறது என்று கைகாட்ட முடிந்தால் மட்டும்.

வீரவநல்லூர் மாணவர்: எப்போது நிறுத்துவது?

அடுத்த கோட்டை எதற்காகப் போடுகிறீர்கள் என்று தெரியாதபோது நிறுத்துங்கள். ஒரு ராத்திரி சுவரில் மாட்டி வைத்துக் காலையில் பாருங்கள். அப்போதும் ஒரு இடம் உறுத்தினால் அந்த இடத்தில் மட்டும் கை வையுங்கள்.

விக்கிரமசிங்கபுரம் மாணவர்: கரியில் செய்த படத்தை பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கலையாமல் இருக்க என்ன வழி?

ஓவியப் பொருள் கடையில் ஃபிக்ஸட்டிவ் கிடைக்கும், கரி உதிராமல் பிடித்து வைக்கத் தெளிக்கும் திரவம் அது. படத்தைச் செங்குத்தாக வைத்து, ஒரு அடி தள்ளி நின்று, மெல்லிசாக அடியுங்கள். காய்ந்ததும் இன்னொரு தடவை. ஒரேயடியாக நனைத்தால் கரி ஒழுகிக் கறை விழும். மொட்டை மாடியில் அடியுங்கள், அறைக்குள் வேண்டாம். அப்புறம் மேலே பட்டர் பேப்பர் போட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, நான்கு பக்கமும் கிளிப் போடுங்கள். கரிப் படத்தைச் சுருட்டவே கூடாது. ஜங்ஷன் வரை கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் புறப்படும் இடத்திலேயே ஏறி ஜன்னலோரம் பிடித்து, அட்டையை முழங்காலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் செங்குத்தாக நிறுத்திக்கொள்ளுங்கள்.