கூடுதல் கணிதத்தை விட்டுவிடலாமா? பட்டர்வொர்த் அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா.

நான்காம் படிவத்தில் படிக்கும் உங்கள் மகன் கூடுதல் கணிதத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பிய தேர்வுத்தாளைப் பார்த்தேன். நான்காம் படிவப் பாடம் அவனுக்குப் புரியாமல் இல்லை. கணக்கைச் சரியாகத்தான் தொடங்குகிறான், காரணிப்படுத்த வேண்டிய, அதாவது ஒரு கோவையைப் பெருக்கல் வடிவில் பிரித்து எழுத வேண்டிய, வரி வந்ததும் நின்றுவிடுகிறான். அது இரண்டாம் படிவப் பாடம். அந்த ஓட்டையை அடைக்காமல் டியூஷன் வாத்தியாரை மட்டும் மாற்றினால் காசுதான் கரையும்.

"இதைப் படித்து எந்த வேலைக்கு?" என்று வீட்டில் சண்டை போடுகிறானாம். நியாயமான கேள்வி. "பரீட்சைக்கு வரும்" என்று சொல்லி அவன் வாயை அடைத்தால் அவன் நம்பமாட்டான், நானும் நம்பமாட்டேன்.

அவன் அப்பா பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள், அங்கிருந்தே தொடங்கலாம். 1972-இல் இன்டெல் வந்ததிலிருந்து பினாங்குக்குச் சிப் தொழில் பழக்கமானது. நம் பிள்ளைகள் பலர் அங்கே ஆப்பரேட்டராகவும் டெக்னீஷியனாகவும் இருக்கிறார்கள். சிப்பை வடிவமைக்கும் மேசையில் உட்காரத்தான் கணக்கு வேண்டும். சிப்புக்குள் இருப்பவை லாஜிக் கேட்டுகள், ஆம்-இல்லை என்று முடிவு சொல்லும் சின்னச் சுற்றுகள். இங்கே × என்றால் 'அண்ட்' (இரண்டும் உண்மையானால்), + என்றால் 'ஆர்' (ஏதாவது ஒன்று உண்மையானால்). (அ × ஆ) + (அ × இ) என்ற தர்க்கத்தை அப்படியே அமைத்தால் இரண்டு 'அண்ட்' கேட்டும் ஒரு 'ஆர்' கேட்டும் தேவை. பொதுக் காரணியை வெளியே எடுத்து அ × (ஆ + இ) என்று எழுதினால் ஒரு 'அண்ட்', ஒரு 'ஆர்' போதும். மூன்று இரண்டாகிவிட்டது. கோடிக்கணக்கான கேட்டுகள் உள்ள சிப்பில் இதைக் கையால் செய்ய முடியாது, மென்பொருள் செய்கிறது. அந்த மென்பொருளை எழுதுகிறவருக்கும், அது தந்த விடை சரியா என்று பார்க்கிறவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

உற்பத்திக்கு அனுப்பும் முன் மின்சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டும். அவற்றின் எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய பெரிய அட்டவணைதான் அணி (மேட்ரிக்ஸ்). அதைக் கீழ்முக்கோண அணி, மேல்முக்கோண அணி என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் விடையை வரிசையாக எடுத்துக்கொண்டே போகலாம். எல்யூ பிரிப்பு என்பார்கள். அதுவும் காரணிப்படுத்தல்தான், எண்ணுக்குப் பதில் அணி.

இணையப் பாதுகாப்பில் கதை தலைகீழ், அங்கே காரணிப்படுத்துவது கடினமாக இருப்பதுதான் பாதுகாப்பு. 8051-ஐக் காரணிப்படுத்தச் சொல்லுங்கள், தம்பி திணறுவான். 90-இன் வர்க்கத்திலிருந்து 7-இன் வர்க்கத்தைக் கழித்தால் 8051 வருகிறது என்று கண்டுபிடித்தால் 83 × 97 என்று உடனே சொல்லிவிடுவான். இரண்டாம் படிவத்தின் அ² − ஆ² சூத்திரத்தை வைத்து பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா காட்டிய வழி இது. இன்று பெரிய எண்களை உடைக்கும் முறைகளின் அடியிலும் இதே யோசனை இருக்கிறது. பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்பதை நம்பித்தான் 1977-இல் ஆர்எஸ்ஏ குறியாக்கம் (செய்திகளை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் முறை) உருவானது. அந்த வகையைச் சேர்ந்த 250 இலக்க எண் ஒன்றை 2020-இல்தான் உடைத்தார்கள். அதற்கு ஒரே ஒரு கணினிக் கோர் ஏறக்குறைய 2,700 ஆண்டு ஓடவேண்டிய அளவு வேலை பிடித்தது. போதுமான வலிமையுள்ள குவாண்டம் கணினி வந்தால் இந்தப் பூட்டு திறந்துவிடும் என்று கணித அறிஞர் பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டிவிட்டார். அதனால் இப்போது உலகமே பூட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது. இந்தத் துறையில் ஆள் தேவை குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் கேட்ட டேட்டா சயின்ஸ் பற்றி ஒரே வார்த்தை: பெயரைப் பார்த்துக் கல்லூரியில் சேர்க்காதீர்கள். பாடத்திட்டத்தில் நேரியல் இயற்கணிதம் (அணிகளைப் பற்றிய கணிதம்) ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். 'உங்களுக்குப் பிடிக்கக்கூடிய படம்' என்று பரிந்துரைக்கும் முறைகளில் முக்கியமானது அணிக் காரணிப்படுத்தல்தான். அந்தப் பாடமே இல்லாத டிப்ளோமாவுக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

பாதை என்று பார்த்தால், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து கெப்பாலா பத்தாஸ் மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு), பிறகு கெலுகோரில் கணிதம், நிபோங் திபாலில் பொறியியல் என்று யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பக்கத்திலேயே இருக்கிறது. பொறியியல் பக்கம் போக நினைத்தால் கூடுதல் கணிதம் கையில் இருப்பது நல்லது. நிபந்தனைகள் மாறக்கூடியவை என்பதால் அந்த ஆண்டு யுபியு (அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை) விவரத்தைப் பள்ளிக் கவுன்சலிங் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு ஒரு வேலை. இரண்டாம் படிவப் புத்தகத்திலிருந்து தினமும் ஐந்து கணக்கு. விடைப்பக்கத்தைத் திருப்பக் கூடாது. கண்டுபிடித்த காரணிகளை மறுபடி பெருக்கி, பழைய கோவை வருகிறதா என்று அவனே பார்க்கட்டும். அவன் தாளில் தவறுகள் பாதிக்கு மேல் கழித்தல் குறியில்தான், பெருக்கிப் பார்த்தால் அங்கேயே அகப்பட்டுவிடும். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம் அம்மா, நேரத்தையும் பார்க்க வேண்டாம். அரையாண்டுத் தேர்வுத்தாள் கிடைத்ததும் அவனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்று அவனே சொன்னால், கூடுதல் கணிதம் கேட்காத பாலிடெக்னிக் படிப்புகளைப் பற்றிப் பேசுவோம்.