எல்லாக் கத்தரிக்காயிலும் ஆன்டிஆக்சிடன்ட் (உடல் செல்கள் சேதமாவதைத் தடுக்க உதவும் பொருள்) ஒரே அளவுதானா? கருநீலக் காய்தான் சிறந்ததா?

இல்லை, ரகத்துக்கு ரகம் நிறையவே மாறும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் முடியாது.

ஊதா நிறம் தருவது தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி. அதுவும் ஓர் ஆன்டிஆக்சிடன்ட்தான். அதில் நாசுனின் என்ற வகை பேர்பெற்றது. ஆனால் தோல் மெல்லிசு. காயின் பெரும்பகுதி சதைதான். சதையில் ஆன்டிஆக்சிடன்ட்களாக இருப்பவை ஃபீனாலிக் என்ற வகைச் சேர்மங்கள்; அவற்றில் பெரும்பங்கு குளோரோஜெனிக் அமிலம். காப்பிக்கொட்டையில் இருப்பதும் இதேதான். அதற்கு நிறம் கிடையாது என்பதால், வெள்ளை அல்லது பச்சைக் கத்தரியிலும் இது தாராளமாக இருக்கலாம். அமெரிக்க வேளாண் ஆராய்ச்சியாளர்கள் பல ரகங்களின் ஃபீனாலிக் அளவை ஒப்பிட்டபோது 'பிளாக் மேஜிக்' என்ற ரகம் முன்னணியில் நின்றது.

அப்படியானால் இந்த அமிலம் மிகுந்த ரகங்களையே வளர்க்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். காயை நறுக்கியதும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இந்த அமிலத்தை மாற்றுவதால்தான் சதை பழுப்பாகிறது. ஃபீனாலிக் கூடினால் கசப்பும் கூடலாம். கறுக்காத, கசக்காத காயைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்தே, பயிர்செய்யும் ரகங்களில் இந்தச் சேர்மங்களை மனிதர்கள் குறைத்துவிட்டார்கள் என்று கருதப்படுகிறது. காட்டுக் கத்தரி இனங்களில் அளவு பொதுவாக அதிகம். அதனால் பயிர் ரகங்களை அவற்றோடு இனக்கலப்பு செய்கிறார்கள், அந்த நொதி வேகம் குறைந்த ரகமாகவும் பார்த்து.

சரி, எதை வாங்குவது? பிஞ்சாக, புதிதாக இருப்பதை வாங்குங்கள். காய் முற்ற முற்ற குளோரோஜெனிக் அமிலம் குறையும். அப்புறம், தோலைச் சீவாதீர்கள்.