கேள்வி – பதில்: டிக்கி பாருக்கு இன்னொரு முறை போகலாமா?

கேள்வி: பந்திங்கில் எங்கள் தாமான் கடைவரிசையில், முன்பு தையல்கடை இருந்த மாடியில், தெரிந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் டிக்கி பார் (பசிபிக் தீவு அலங்காரத்தோடு, ரம் கலந்த மதுவகைகளைத் தரும் கடை) நடத்துகிறார். திறந்த புதிதில் நானும் என் மைத்துனரும் ஒரு முறை போனோம். 'மாய் தாய்' என்று கொண்டுவந்து வைத்தது சிவப்பாக, சிராப் தண்ணீரைப் போல் இனித்தது. பாதி குடிப்பதற்குள் ஐஸ் கரைந்து அந்த இனிப்பும் போய்விட்டது. பாட்டுச் சத்தத்தில் பேசவும் முடியவில்லை. பில் மட்டும் கனமாக வந்தது. இப்போது மது கலக்கும் ஆளை மாற்றிவிட்டதாகச் சொல்லி, பார்க்கும்போதெல்லாம் "ஒரு தடவை வாங்க அண்ணே" என்கிறார். போகலாமா?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, பந்திங்

பதில்: போகலாம். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்ற முகதாட்சண்யத்துக்காக அல்ல. நீங்கள் எழுதியிருக்கும் முதல் இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான் என்பதாலும், ஆள் மாறினால் அது மாறக்கூடியது என்பதாலும் சொல்கிறேன்.

மாய் தாய் என்பது 1944இல் அமெரிக்காவின் ஓக்லாண்டு நகரில் 'டிரேடர் விக்' என்று பெயர்பெற்ற விக்டர் பெர்ஜெரோன் கலந்த மது. 17 ஆண்டு பழைய ஜமைக்கா ரம், எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு மதுவகையான கியூராசோ, பாதாம் பாகு, கொஞ்சம் சர்க்கரைப் பாகு ஆகியவைதாம் அதில் சேர்ந்தவை. சிவப்பு நிறத்துக்கு அதில் வேலையே இல்லை. உங்கள் மேசைக்கு வந்தது வேறெதுவோ. நம் நாட்டில் மதுவுக்கான கலால் வரி கனமானது. நல்ல ரம்மின் விலை கடைக்காரரின் கையைக் கடிக்கும். ஆகவே ரம்மையும் எலுமிச்சையையும் குறைத்து, அந்த இடத்தைப் பாகால் நிரப்பும் பழக்கம் சில கடைகளில் உண்டு. ஐஸ் கரைந்ததையும் இதோடு சேர்த்தே பாருங்கள். டிக்கி மது வகைகளில் பலவற்றை நொறுக்கிய ஐஸோடுதான் தருவார்கள். அது விரைவில் கரையும் என்று தெரிந்தே, கரைந்த நீரைத் தாங்கும் அளவுக்கு ரம்மும் புளிப்பும் வலுவாக இருக்கும்படி கலப்பார்கள். வலு இல்லாத கலவையில் அதே ஐஸ் விழுந்தால் நீங்கள் சொன்னபடிதான் ஆகும். ஐஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே இந்த முறை மாய் தாய் கேட்க வேண்டாம். 'ஜங்கிள் பேர்ட்' கேளுங்கள். உலகெங்கும் டிக்கி பார்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ள இந்த மது பிறந்தது ஹவாயிலோ கலிபோர்னியாவிலோ அல்ல, நம் கோலாலம்பூரில். 1973இல் கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டலின் ஏவியரி பாரில் ஜெஃப்ரி ஓங் என்பவர் இதை உருவாக்கினார். 1989இல் அமெரிக்காவில் அச்சான ஒரு மதுக்கலவை நூலில் இதன் அளவுகள் வெளிவந்தன: கறுப்பு ரம் ஒன்றரை அவுன்ஸ், காம்பாரி என்னும் கசப்பு மது முக்கால் அவுன்ஸ், அன்னாசிச் சாறு நான்கு அவுன்ஸ், எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் அரை அவுன்ஸ் வீதம். இன்று பலரும் அன்னாசியைக் குறைத்துக் கலக்கிறார்கள். எனக்கும் அதுவே பிடிக்கும்.

இதையே கேட்கச் சொல்வதற்கு ஊர்ப்பற்று மட்டும் காரணமல்ல. காம்பாரியின் கசப்பு உள்ளே இருக்கும்போது இனிப்பைக் கொட்டி எதையும் மூடிவிட முடியாது. கலந்தவரின் கைப்பக்குவம் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். வார நாளில், கூட்டம் சேர்வதற்கு முன்பே போய், மேசையைத் தவிர்த்துக் கலக்கும் இடத்துக்கு எதிரிலேயே உட்காருங்கள். லீமாவ் நிப்பிஸை, அதாவது சிறு எலுமிச்சையை, உங்கள் கண்முன்னே வெட்டிப் பிழிகிறாரா, அல்லது மஞ்சள் பாட்டிலிலிருந்து ஊற்றுகிறாரா என்று கவனியுங்கள். காலையில் பிழிந்த சாறு மாலைக்குள் தாழ்வதில்லை, நேற்றுப் பிழிந்தது நிச்சயம் மங்கிவிடும். சிறு அளவுக்குவளையால் ரம்மை அளந்து ஊற்றுகிறாரா, கைக்கணக்கில் சாய்க்கிறாரா என்பதும் அங்கிருந்தே தெரியும். அன்னாசி டின்னிலிருந்து வந்தால் அதற்காக எழுந்து வந்துவிட வேண்டாம். ஆனால் ஜொகூர் அன்னாசி சந்தையில் குவிந்து கிடக்கும் நாட்டில் அது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

ஜங்கிள் பேர்ட் என்றால் என்னவென்றே கடைக்குத் தெரியாவிட்டால், மைத்துனருக்கு ஒரு ஸ்டவ்ட் (கறுப்பு பீர்) வாங்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புங்கள். தெரிந்தும் சரியாக அமையாவிட்டால், எது குறை என்று அந்தப் பிள்ளையிடம் தனியே, நேராகச் சொல்லுங்கள். முதல் முறை சொல்லாமல் வந்துவிட்டீர்கள் என்றே உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். மூன்றாம் முறை போக வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

நடந்து போகும் தூரம் என்றால் நடந்தே போங்கள். 2020இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம்தான் எல்லை. முன்பு அது 80ஆக இருந்தது. டிக்கி மதுவில் ரம் எவ்வளவு இருக்கிறது என்று நாக்குக்கு எளிதில் பிடிபடாது.

கேள்வி: தோட்டத்தில் கள்ளும் சம்சுவும் எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தின என்று பார்த்து வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட ஊரில் மதுக்கடைக்கு 'இன்னொரு வாய்ப்பு' கொடுப்பது பற்றி ஒரு பத்திரிகை யோசனை சொல்லலாமா?
– வாசகி, கோல சிலாங்கூர்

பதில்: உங்கள் கோபத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தில் கூலி உயர்வோடு சேர்ந்து எழுந்த கோரிக்கைகளில் ஒன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. சம்பளம் வாங்கிய கையோடு அதைத் தோட்டத்திலேயே தொலைக்கும்படி அமைந்திருந்த ஏற்பாட்டை எதிர்த்துத் தொழிலாளர்களே எழுந்தார்கள். அதை அறிந்தவர் எவரும் உங்கள் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட மாட்டார்.

பந்திங் வாசகர் கேட்டது, ஏற்கெனவே அளவோடு குடிப்பவர் ஒருவர் பணம் கொடுத்து ஏமாந்த இடத்துக்கு மறுபடியும் போகலாமா என்பது. குடிக்காதவரை அழைத்துப் போகும்படி நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். குடியால் அடிபட்ட வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். கடைக்காரரிடமிருந்தும் எதிர்பார்க்க வேண்டியவை உண்டு: 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது, அது சட்டம். கேட்காமலே தண்ணீர் வைப்பதும், தள்ளாடுபவருக்கு அடுத்த கிளாஸை மறுப்பதும் கடைக்காரரின் யோக்கியம். இவற்றில் தவறும் கடைக்கு, அதன் ஜங்கிள் பேர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இரண்டாம் முறை போகச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அந்த பார்களில் சாமி முகம் போன்ற குவளைகளில் ஊற்றித் தருகிறார்களே, அது எந்த ஊர்ச் சாமி?
– மாணவர், தஞ்சோங் காராங்

பதில்: 'டிக்கி' என்பது நியூசிலாந்து மவோரி மக்கள் உட்படப் பொலினீசிய மக்களின் மரபில் முதல் மனிதனையும், மனித உருவச் சிற்பங்களையும் குறிக்கும் பெயர். குவளையும் மூங்கில் தட்டியும் வேறு கதை. அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய 1933ஐ ஒட்டி, ஹாலிவுட்டில் 'டான் தி பீச்காம்பர்' என்னும் பாரைத் தொடங்கிய எர்னஸ்ட் காண்ட் என்பவரிடமிருந்து பரவிய அலங்காரம் அது. முன்னோரின் உருவத்தைக் கிளாஸாக்கி விற்பதைப் பொலினீசியர் பலர் விரும்புவதில்லை. அவர்களுடைய நியாயம் எனக்கு விளங்குகிறது. சாதாரண கண்ணாடிக் கிளாஸில் கேட்டாலும் மது அதேதான். மரத்தில் முகம் செதுக்குவதைப் பார்க்க ஆசையிருந்தால், பந்திங்கிலிருந்து அதிக தூரமில்லாத கேரித் தீவின் சுங்கை பும்பொன் கிராமத்துக்குப் போங்கள். அங்கே மா மெரி பழங்குடியினர் தங்கள் மூதாதையர் ஆவிகளின் முகமூடிகளைச் செதுக்குகிறார்கள். வாங்கினால் சுவரில் மாட்டுங்கள், பாருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.