அயனியை அளக்கப் போகிறானாம், விடலாமா?

அக்கா, உங்கள் குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன். ஜேசி (ஜூனியர் காலேஜ்) படிக்கிற பையன் திடீரென்று பிளாஸ்மா உந்துகருவி, அதில் பாயும் அயனியின் வேகத்தை அளக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று பேச ஆரம்பித்தால் எந்த அம்மாவுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

"சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ராக்கெட்டா?" என்று கேட்டீர்கள். ராக்கெட் இல்லை அக்கா, ஏற்கெனவே மேலே போய்விட்ட செயற்கைக்கோளை நகர்த்துகிற சமாச்சாரம். செனான் வாயுவை அயனியாக்கி, அதாவது அணுக்களை மின்னேற்றம் உள்ளவையாக்கி (அப்படி ஆன வாயுதான் பிளாஸ்மா), நொடிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளுவார்கள். நடுத்தரக் கருவியில் கிடைக்கும் விசையே ஒன்றிரண்டு ஏ4 தாளின் கனம்தான், ஆனால் மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கலாம். இங்கே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து (என்டியூ) கிளைத்த அலியேனா நிறுவனத்தின் கருவி 2022இல் விண்வெளிக்கே போயிருக்கிறது.

அந்த அயனிகளின் வேகத்தை அளப்பதுதான் சுவாரசியம். பிளாஸ்மாவுக்குள் கம்பியை நீட்டினால் பிளாஸ்மாவே கலைந்துவிடும், அதனால் 834.7 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சுவார்கள், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் சுருதி ஏறுகிறதே, அதுபோல ஓடுகிற அயனிக்கு லேசரின் அலைநீளம் மாறித் தெரியும். 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மாற்றம் சுமார் 0.04 நானோமீட்டர், அவ்வளவுதான். லேசரின் அலைநீளத்தை அத்தனை பொடிப்பொடியாக மாற்றிக்கொண்டே போனால், எந்த அலைநீளத்தில் அயனி ஒளியை உறிஞ்சிப் பச்சையாக மினுங்குகிறதோ அதிலிருந்து அதன் வேகத்தைக் கணக்குப் போடலாம்.

சரி, வேலைக்கு வருவோம். இங்கே விண்வெளித் துறை சின்னது, அதை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் பக்கம் வேஃபர் ஃபேப், அதாவது சிப் தயாரிக்கும் ஆலைகள், வரிசையாக இருக்கிறதே, அங்கே சிப்பைச் செதுக்குவதும் பிளாஸ்மாதான். அயனி எந்த ஆற்றலில் வந்து மோதுகிறது என்பதுதான் அவர்களுக்கும் தலைவலி. வெற்றிடக் கலன் (காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டி, இந்தச் சோதனையெல்லாம் அதற்குள்தான்), லேசர், மின்னணு அளவீடு மூன்றிலும் கைப்பழக்கம் உள்ளவனுக்கு அங்கே இடம் இருக்கும். அதனால் இயற்பியல் அல்லது மின்பொறியியல் எடுக்கட்டும். "விண்வெளி" என்று பெயரில் இருந்தால்தான் ஆச்சு என்று பிடிவாதம் வேண்டாம். ஆராய்ச்சியாளராகவே இருக்க வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வரை போகவேண்டி வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

எனக்குச் சந்தேகம் அவன் மதிப்பெண்ணில் இல்லை, பொறுமையில்தான். கையுறை போடாமல் கலனுக்குள் போகும் ஒரு பாகத்தைத் தொட்டாலே விரல் எண்ணெய் ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுக்கும், அப்புறம் திரும்பத் திறந்து, துடைத்து, மணிக்கணக்கில் பம்ப் ஓட விட வேண்டும். எப்படியும் கட்டாய தேசிய சேவை இரண்டு வருடம் இருக்கிறது, அவசரமே இல்லை. அதற்குள் பல்கலைக்கழகம் பார்வையாளருக்குத் திறந்திருக்கும் ஒரு பொதுநாளில் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போங்கள். தரவரிசையைக் கேட்க வேண்டாம், இளநிலை மாணவர்களைக் கலனில் கைவைக்க விடுவீர்களா என்று மட்டும் அவனையே கேட்கச் சொல்லுங்கள்.