வீட்டில் நடராஜர் வைக்கலாமா?

வணக்கம் சகோதரி. புதுமனைக்குப் பரிசாக வந்த நடராஜரை, "ஆடுகிற சாமி வீட்டில் இருந்தால் குடும்பமும் ஆடிப்போகும்" என்று மாமியார் சொல்ல, பரணில் வைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனது கேட்கவில்லை.

அந்தச் சிலையை இறக்கி, விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சிவனின் ஐந்து தொழில்களும் அதில் இருக்கின்றன. உடுக்கை படைத்தல். அபயக் கை காத்தல். இடக்கையில் இருக்கும் தீ அழித்தல். முயலகன் என்ற அசுரன் மேல் ஊன்றிய கால் மறைத்தல். தூக்கிய இடது திருவடிதான் அருளல். முன்பக்க இடக்கை எதைக் காட்டுகிறது என்று கவனியுங்கள், அந்தத் திருவடியைத்தான். "இங்கே வா" என்று கூப்பிடுகிற கை அது. காலடியில் கிடக்கும் முயலகன் நம் அறியாமை. இதில் பயப்பட என்ன இருக்கிறது?

பெரிய நியமம் ஒன்றும் வேண்டாம். தினமும் விளக்கு, கொஞ்சம் விபூதி, ஒரு பூ, தெரிந்த தேவாரம் ஒன்று போதும். நடராஜருக்கு வருடத்தில் ஆறு அபிஷேகம்தான். அதில் மார்கழித் திருவாதிரையை மட்டும் விடாதீர்கள், களி செய்து படையுங்கள். அப்புறம், புளி போட்டுத் தேய்த்தால் திருவாசியின் (சிலையைச் சுற்றியுள்ள சுடர் வளையம்) இடுக்குகளை நன்றாகக் கழுவித் துடையுங்கள், இல்லாவிட்டால் பச்சை பிடிக்கும்.

மாமியாரிடம் வாதம் வேண்டாம். களி கிண்ட அவரையே கூப்பிடுங்கள்.