யூரியா கரைத்த டிரம் ஜில்லிட்டால் சரக்கு கலப்படமா?

கேள்வி: 100 லிட்டர் டிரம்மில் 20 கிலோ யூரியாவைக் கரைத்துவிட்டு அதிலேயே 25 கிலோ பொட்டாசியம் நைட்ரேட்டையும் கொட்டினேன். டிரம் ஐஸ் மாதிரி ஆகி வெளிப்பக்கம் வியர்த்துவிட்டது, அடியில் உப்பு தங்கிவிட்டது. சரக்கு கலப்படம் என்கிறார் ஒரு கடைக்காரர், கரைய வைக்க ஒரு திரவமும் தருகிறாராம். இவ்வளவு குளிர்ந்த தண்ணீர் வேரைப் பாதிக்காதா?

பதில்: வேருக்கு ஒன்றும் ஆகாது. சொட்டுநீர்க் குழாயில் உரக் கரைசலை உறிஞ்சிக் கலக்கும் வென்சுரி இழுப்பது கொஞ்சம்தான், மெயின் லைன் தண்ணீரில் கலந்ததுமே அந்தக் குளிர்ச்சி காணாமல் போய்விடும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அடியில் தங்கிய உப்பைப் பற்றி. படிகத்தைப் பிரிக்க வெப்பம் செலவாகிறது, பிரிந்ததைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும்போது வெப்பம் வெளிவருகிறது. யூரியாவிலும் பொட்டாசியம் நைட்ரேட்டிலும் செலவுதான் அதிகம், அந்தப் பற்றாக்குறையைத் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கின்றன. உங்கள் 20 கிலோ யூரியா மட்டுமே 100 லிட்டரைச் சுமார் 10 டிகிரி இறக்கியிருக்கும். பொட்டாசியம் நைட்ரேட் இதைவிட மோசம், கிலோவுக்குக் கிலோ இன்னும் அதிகமாகக் குளிரவைக்கும். 20 டிகிரியில் 100 லிட்டர் தண்ணீர் சுமார் 31 கிலோ பொட்டாசியம் நைட்ரேட்டை ஏற்கும், 10 டிகிரியில் 21 கிலோதான். கரையக் கரையத் தானே தண்ணீரைக் குளிர்வித்து, தான் கரைவதைத் தானே நிறுத்திக்கொள்கிற உப்பு இது. மூட்டையில் அச்சடித்த கரைதிறனை நம்பி டிரம்மை நிரப்பினால் இப்படித்தான் ஆகும்.

என் பிடிவாதம் ஒன்றுதான்: தண்ணீரைக் கூட்டுங்கள். இதே அளவு உரத்துக்கு 200 லிட்டர் வேண்டும், இல்லையென்றால் இரண்டு தடவையாக விடுங்கள். முதல் நாள் சாயங்காலமே கரைத்து மூடி வைத்தால் இழந்த வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து மெல்ல வாங்கிக்கொள்ளும், காலையில் ஒரு கலக்கு கலக்கினால் போதும். சுடுதண்ணீரில் கெட்டியாகக் கரைப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. டிரம்மில் தெளிவாகத்தான் இருக்கும், ஆறினதும் ஃபில்டரிலும் டிரிப்பரிலும் மறுபடி உப்பாகிவிடும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி டிரம்மில் தொங்கவிடுங்கள், கையை விட்டுப் பார்ப்பது கணக்காகாது.

அந்தத் திரவம்? வேண்டாம். இந்த உப்பு கரைய வேண்டியது வெப்பமும் போதுமான தண்ணீரும்தான். கலப்படம் என்பதும் வியாபாரப் பேச்சு. குளிர்ந்ததால் போலி என்று சொல்ல முடியாது, அதே மாதிரி குளிர்ந்ததால் அசல் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் விலை குறைந்த பொட்டாசியம் குளோரைடும் கரையும்போது குளிரவே செய்யும். சந்தேகம் இருந்தால் மாதிரி எடுத்து உரப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

இலைவழித் தெளிப்புக்கு இந்தக் கவலையே வேண்டாம், 100 லிட்டருக்கு ஒரு கிலோ போட்டால் ஒரு டிகிரிகூட இறங்காது.

அப்புறம், டிரிப்பர் அடைத்திருந்தால் ஆசிட் விடச் சொல்லி அடுத்த ஆள் வருவார். இந்த உப்புக்கு ஆசிட் எதற்கு? லைனின் கடைசி மூடியைத் திறந்து வெறும் தண்ணீர் ஓடவிட்டால் கரைந்து போய்விடும். சுண்ணாம்புப் படிவுக்காக என்றைக்காவது ஆசிட் விட வேண்டி வந்தால் கதை நேர் எதிர், அது தண்ணீரோடு சேரும்போது கடுமையாகச் சூடேறும். தண்ணீரில்தான் ஆசிட்டை மெதுவாக ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.